செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு

கச்சான் காற்று எழும்பிவிட்டால் சாம்பல்தீவில் எதையும் திறந்து வைக்க முடியாது. மணலும் சருகும் பறந்து வந்து சோற்றில் விழும், தேத்தண்ணியில் விழும், கொடியில் காயும் துணியில் ஒட்டும். அந்த வருசம் ஆனி பிறக்க முன்பே காற்று எழும்பிவிட்டது. புஸ்பராணி விடியலில் அவித்த இடியப்பங்களை ஓலைப்பெட்டியில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு, அதற்கும் மேல் சுளகைக் கவிழ்த்துத்தான் சந்திக் கடைக்குக் கொடுத்துவிடுவாள். இவ்வளவு மூடியும், கடைக்காரத் தவராசா ஒருநாள் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான். இடியப்பத்துக்குள் ஒரு விரல் நீளத்துக்குத் தென்னந்தும்பு கிடந்ததாம்.

"கண் தெரியாத மனுசியை ஏன் அண்ணை அடுப்படியில விட்டு வைச்சிருக்கிறியள்?" என்று தவராசா கேட்டதை அவளுடைய புருசன் சோமசேகரம் வீட்டில் சொல்லவில்லை. பெட்டியைக் கொண்டு வந்து, வளவின் பின்பக்கமாகப் போய், அவ்வளவையும் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, "எல்லாம் வித்துப் போட்டுது" என்றார். புஸ்பராணிக்குக் கண்தான் மங்கல், காது நல்ல கூர். கோழிகள் இடியப்பத்துக்கு அடிபடுகிற சத்தம் அவளுக்குக் குசினிக்குள் இருந்தே கேட்டது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

சீனி வருத்தம் வந்து அவளுக்கு வருசம் பத்துக்கு மேல். அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டாள். வெறுந்தேத்தண்ணி, குரக்கன் பிட்டு, ஒரு நேரச் சோறு, குளிசை. ஆனால் அந்த வருத்தம் சும்மா இருக்கவில்லை. வலக்கண்ணில் வெள்ளை விழுந்து முழுதாக மூடிவிட்டது. இடக்கண்ணில் எந்த நேரமும் புகை. வேலியில் நிற்பது ஆளா, காயப்போட்ட சாரமா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாமல் இருந்தது ஒன்றுதான். திலக்சனின் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

திலக்சன் ஒரே பிள்ளை. கப்பலில் மேல்தளத்து வேலை. கயிறு கட்டுவது, துருச் சுரண்டுவது, பெயின்ற் அடிப்பது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வர இருந்தவனை, ஆள் குறைவென்று சிங்கப்பூரில் வைத்தே அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவன் வீட்டுப் படலையைத் திறந்து இரண்டு வருசம் தாண்டிவிட்டது. சிக்னல் கிடைக்கிற இடத்தில் வீடியோவில் எடுப்பான். புஸ்பராணி ஃபோனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வாள். கறுப்பாக ஒரு வட்டம் ஆடும், அதற்குள் இருந்து அவனுடைய குரல் வரும். அவன் தாடி வளர்த்திருக்கிறான் என்பதே சோமசேகரம் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் தாடியைப் பக்கத்தில் இருக்கிறவர் சொல்லி அறிவது எவ்வளவு கொடுமை என்று அவளைக் கேட்டால் சொல்லுவாள். மற்றவர்களுக்கு அது விளங்காது.

வைகாசி முடியும் தறுவாயில் ஒரு நாள் அவன் எடுத்தான்.

"அம்மா, எங்கட கப்பல் திருகோணமலைக்கு வருதம்மா."

"எந்தத் திருகோணமலைக்கு?" என்று கேட்டாள் அவள். சந்தோசத்தில் வாயில் வந்தது அது.

"உலகத்தில எத்தினை இருக்கு? எங்கட ஊருக்குத்தான். ஆனா கரையில கட்டாதம்மா. உள்துறைமுகத்தில நங்கூரம் போட்டு எண்ணெய் ஏத்திப்போட்டு அண்டைக்கே வெளிக்கிட்டிடும்."

"நீ இறங்கி வர ஏலாதோ?"

"கப்டனிட்டக் கேட்டனான். எண்ணெய் ஏத்தேக்க ஒருத்தரும் இறங்க ஏலாதாம். சின்ன வள்ளத்தில ஆக்கள் கிட்ட வரவும் நேவி விடாது."

"ஊருக்கு வந்து வீட்டுக்கு வராமப் போறதோ? இதென்ன வேலையடா தம்பி?"

"கரையில நிண்டு பாக்கலாமம்மா," என்றான் திலக்சன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். "ஆனிக் கடைசியாகும். அதுக்குள்ள கண் ஒப்பரேசன் முடிஞ்சிடும்தானே?"

"முடிஞ்சிடும்," என்றாள் புஸ்பராணி.

முடியவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சீனி கூடியிருக்கிறதென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனியில் கிடைத்த இரண்டாவது திகதியில், ஓட்டோ பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு மர வாங்கில் குந்திக் காத்திருந்தாள். கண் வெட்டுகிற நாள் அங்கே புதன்கிழமை. விடியப் பரிசோதித்து, சீனி சரியென்றால் அன்றைக்கே வெட்டி அனுப்பிவிடுவார்கள். நேர்ஸ் மிஸ்ஸி வந்து பக்கத்தில் குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, சீனி திரும்பவும் கூடவா இருக்கு. இப்பிடி இருக்கேக்க கண்ணில கை வைச்சா, புண் ஆறாது. கிருமி போனால் உள்ள கண்ணும் போயிடும். சீனி, இனிப்பு ஏதும் சாப்பிட்டனீங்களா?"

"சீனி வாயில வைச்சு வருசக்கணக்கு, பிள்ளை."

"குளிசை ஒழுங்காப் போடுறனீங்களா?"

"ஓம். சாப்பிட்டவுடன போட்டிடுவன்."

இரண்டும் உண்மை. மிஸ்ஸி அடுத்த திகதியை எழுதக் கொப்பியோடு உள்ளே போனதும், புஸ்பராணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளியே தெரியாமல் அழவேண்டும் என்றுதான் பார்த்தாள். ஆனால் விம்மல் தோளை அசைத்துக் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி அவளுடைய முழங்கையைத் தொட்டாள். பெரிய கறுப்புக் கண்ணாடி, தலையில் முக்காடு. ஏற்கெனவே ஒரு கண் வெட்டிவிட்டு, காட்டுவதற்கு வந்திருந்த ஆள். வெள்ளைமணல் ஊர்க்காரி, பேர் ஸல்ஹா.

"என்ன தங்கச்சி, சீனி கூடிட்டா?"

"ஓம் ராத்தா. ரெண்டாந்தரம். இனி என்னத்தைக் குறைக்கிறது? நேத்து முழுக்கப் பச்சைத் தண்ணியைத் தவிர வாயில ஒண்டும் வைக்கேல்ல."

"நேத்து ஏன்?"

"செவ்வாய் விரதம். பிள்ளை கப்பலில. அவனுக்காகப் பிடிக்கிறது."

"அப்ப நேத்து மருந்து?"

"சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லித் தந்த குளிசை. சாப்பிடாட்டில் எப்பிடிப் போடுறது?"

ஸல்ஹா கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, அதன் கீழால் அவளைப் பார்த்தாள்.

"ராவைக்கு என்ன சாப்பிட்ட?"

"கோயில்ல பூசை முடிஞ்சு, பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுத்தான் விரதம் முடிக்கிறது."

"என்ன பிரசாதம் புள்ள?"

"பொங்கல்."

"சக்கரைப் பொங்கலா?"

புஸ்பராணி சேலைத் தலைப்பை விரலில் சுருட்டினாள். "அது காளியின்ர பிரசாதம், ராத்தா," என்றாள் பிறகு.

"ஆருட பிரசாதமெண்டு ரத்தத்துக்குத் தெரியுமா?"

கேலியாக அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அந்தப் பாடம் இருந்தது. "நானும் ஊசி மருந்து போடுற ஆள்தான். ஒரு நோம்புக்கு, பகல் முழுக்கக் காய்ஞ்சு கிடந்துட்டு, அந்தி மஃரிபுக்கு பேரீச்சம்பழமும் சர்பத்துமா அள்ளிப் போட்டு, ராவைக்கு ஆள் விழுந்த. பொறகு டொக்டர்ட்டக் கேட்டு மருந்த மாத்தி எடுத்துத்தான் புடிச்ச. போன வருசம் புடிக்கவே வேணாமெண்டு சொல்லிட்டாங்க. ஒரு கிழமை அழுத நான். வருத்தக்காரருக்கு மார்க்கத்துல இடம் இருக்கு தங்கச்சி, நோம்புக்குப் பதிலா ஏழைக்குச் சோறு குடுத்தன். ஆனா மத்த ஆக்கள் நோம்பு துறக்கக்குள்ள நான் மட்டும் பகலே சாப்பிட்ட வயிறோட இருந்தன் பாருங்க, அத நெனச்சா இண்டைக்கும் நெஞ்சு அடைக்கும்."

புஸ்பராணிக்கு அந்தக் கடைசிச் சொல்தான் மனதில் ஏறியது. மிஸ்ஸி திரும்பி வந்ததும் ஸல்ஹாவே அவளை இழுத்து நிறுத்தி விசயத்தைச் சொல்ல வைத்தாள். "ஐயோ அம்மா, இதை முதலே சொல்லக்கூடாதோ?" என்று மிஸ்ஸி நெற்றியில் கை வைத்தாள். அடுத்த திகதிக்கு முதல்நாள் மூன்று நேரமும் அளவாகச் சாப்பிட்டு, குளிசையும் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

வெளிக்கிடும்போது ஸல்ஹா கேட்டாள். "மகன்ட கப்பல் எங்க நங்கூரம் போடுதாம்?"

"சீனன்குடாப் பக்கம் எண்டு சொன்னவன்."

"அப்ப எங்கட கரைக்கு வாங்க. எங்கட வீட்டுக்குப் பின்னால நிண்டா, கப்பல்ல நிக்கிற ஆக்களையும் பாக்கலாம். கண்ணைத் தொறந்துக்கிட்டு வாங்க தங்கச்சி."

அடுத்த திகதி ஆனி கடைசிப் புதன். கப்பல் வருவது அதே கிழமை வெள்ளி. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. ஆனால் புதனுக்கு முதல்நாள் செவ்வாய் என்பதை அரசாங்கத்தாலும் மாற்ற முடியாதே!

அன்று பின்னேரம் சோமசேகரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, பம்பைத் தூக்கி வந்து கொட்டிலில் வைத்து, கால் கழுவிக்கொண்டு குசினி வாசலில் குந்தினார். உள்ளே சொதி கொதித்தது. புஸ்பராணி பனங்கிழங்கில் தும்பு உரிக்கிற மாதிரி விசயத்தை இழுத்து இழுத்துச் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப சரி, ஒரு செவ்வாய் விட்டால் போச்சு" என்றார்.

"விட்டால் போச்சோ? கயிறு அறுந்ததை மறந்து போனியளோ?"

அவர் மறக்கவில்லை. திலக்சன் கப்பல் ஏறிய நாளில் இருந்து அவன் கடலை விட்டு வரும்வரை செவ்வாய் பிடிப்பதாகக் காளிக்கு நேர்ந்தவள் அவள். இத்தனை வருசத்தில் பிசகியது ஒரே ஒரு செவ்வாய். சிக்கின்குன்யா காய்ச்சலில் மூட்டெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, பக்கத்து வீட்டார் கஞ்சி பருக்கிவிட்டார்கள். அந்தக் கிழமைதான் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் கட்டும் கயிறு அறுந்து அடித்து, பிள்ளையின் முழங்கை முறிந்தது. கழுத்தில் பட்டிருந்தால் ஆள் இல்லை என்று அவன் பிறகு வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"ஐயரைக் கேட்டனான்," என்றார் சோமசேகரம். "நீ முதல்தரம் திரும்பி வந்தவுடனயே கேட்டனான். வருத்தக்காரருக்கு விரதம் கட்டாயமில்லையாம்."

"அவருக்கென்ன? அவற்ற பிள்ளையோ கடலில நிக்குது?"

"அப்ப ஒப்பரேசனை விடு."

"விட்டால் கப்பலை என்னத்தால பாக்கிறது?"

"அப்ப விரதத்தை விடு."

"விட்டு, அவனுக்கு ஒண்டு நடந்தால் நான் கண்ணை வைச்சு என்ன செய்யிறது?"

சொதி பொங்கி வழிந்தது. அகப்பையால் தட்டி அடக்கிவிட்டு அவள் அடுப்பின் பக்கமாகத் திரும்பி நின்றாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிள்ளையைப் பார்க்க வேண்டும்தான். அதற்காகப் பிள்ளையையே பணயம் வைக்கச் சொல்கிறார்களே என்று இருந்தது அவளுக்கு.

சோமசேகரம் தோளில் கிடந்த துவாயை எடுத்து, முகத்தைத் துடைத்து, மறுபடி தோளில் போட்டார். அவர் ஒன்றைச் சொல்லத் தயாராகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"அண்டைக்கு நான் பிடிக்கிறன்."

"என்னத்தை?"

"விரதத்தை. நீ சாப்பிடு, நான் கிடக்கிறன். பிள்ளை எனக்கும்தானே?"

புஸ்பராணிக்கு மாதக்கணக்கில் வராத சிரிப்பு வந்தது. "நீங்களோ? சூடை மீன் இல்லாட்டில் சோத்தைத் தொட்டும் பாக்க மாட்டியள். விடிய ரெண்டு தேத்தண்ணி குடிக்காட்டில் கண் முழிக்காது. நீங்கள் விரதமோ!"

"ஏன், காளி என்னைக் கண்டதில்லையோ?"

"திருவிழாவில கச்சான் கடலைக் கடையடியில நிக்கக் கண்டிருப்பா."

அவர் சிரிக்கவில்லை. அதனால் அவளுக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது. "அவவுக்கு இது ஒட்டுமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். அவருக்கு அது தெரியாது. தெரியாது என்றே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். மூலஸ்தானத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒரு சிவப்புப் பட்டும் ஒரு விளக்கு வெளிச்சமும்தான். தாயே, நான் சாப்பிடப் போறன், கோவிக்காதை, அந்த மனுசன் எனக்குப் பதிலாக் கிடக்கும், அதின்ர பசியை என்ர பசியா எடுத்துக்கொள், நான் ஒருக்கால் என்ர பிள்ளையைப் பாத்திட்டால் காணும் என்று சொல்லிவிட்டு வந்தாள். பதில் கிடைத்ததா என்று கேட்டால் இல்லை. ஆனால் சொல்லிவிட்டது ஒரு ஆறுதல்.

செவ்வாய் வந்தது. சோமசேகரம் விடிய எழும்பி, கிணற்றில் தலைக்கு வார்த்து, திருநீறு பூசி, தேத்தண்ணிக் கேத்திலைக் கடந்து தோட்டத்துக்குப் போனார். கேத்தில் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்கென்று காற்று அனல் மாதிரி அடித்தது. பத்து மணியளவில் பாத்திகளுக்கு நீர் கட்டி முடித்துத் திரும்பி வரும்போது, பக்கத்து வீட்டில் சூடை மீன் பொரித்தார்கள். வாசம் வேலியைத் தாண்டி வந்து முற்றம் முழுதும் நின்றது. அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனார். வாசம் அங்கேயும் வந்தது. மாட்டுக் கொட்டில் பக்கம் போனார்.

மத்தியானம் புஸ்பராணி குரக்கன் பிட்டும் முருங்கை இலை வறையும் போட்டுக்கொண்டு கோப்பையோடு இருந்தாள். அவர் எதிரே வந்து கதிரையில் இருந்தார்.

"சாப்பிடு."

முதல் வாய் தொண்டையில் நின்றது. எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் இந்த நேரத்தில் வயிறு காந்த, தலை லேசாகச் சுற்ற, பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தவள். அந்தப் பசி ஒன்றுதான் அவளுக்கும் அவனுக்கும் இடையில் கட்டிய கயிறு என்று நினைத்திருந்தாள். இப்போது அதைத் தானே கடித்து விழுங்குகிற மாதிரி இருந்தது.

"விழுங்கு ராணி."

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்பிடி இறங்கும்?"

அவர் கதிரையைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவளும் அழுதுகொண்டே பிட்டு முழுவதையும் சாப்பிட்டு, குளிசையையும் போட்டாள். தண்ணீர் விழுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் அவர் எழும்பிப் போனார். நாலு மணிக்குப் பார்த்தால், ஆள் விறாந்தையில் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு செத்தவர் மாதிரிக் கிடந்தார். "மனுசர் இதைக் கிழமைக்குக் கிழமை செய்யிறதோ?" என்று துவாய்க்குள் இருந்து கேட்டார்.

பின்னேரம் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், பூசை முடிந்து இருட்டினதும் வந்தார். கையில் திருநீறு மட்டும் இருந்தது.

"உனக்குப் பொங்கல் கொண்டரேல்ல. அங்கயே சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டன்."

"காளி என்ன சொன்னவ?"

"இதார் புது ஆள் எண்டு பாத்தவ. உன்ர பேரைச் சொன்னன்."

புதன் விடிய இரத்தத்தில் சீனி சொன்ன அளவுக்குள் நின்றது. மிஸ்ஸி கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆனால் புஸ்பராணிக்கு அந்தச் சந்தோசம் ஒட்டவில்லை. திங்கள் எடுத்த பிள்ளை, செவ்வாய் எடுக்கவில்லை. புதன் விடியவும் எடுக்கவில்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்று சோமசேகரம் சொன்னார். கயிறு அறுந்த கிழமையும் இதைத்தானே சொன்னீர்கள் என்று அவள் சொல்லவில்லை, நினைத்தாள். பச்சைத் துணி போட்டு முகத்தை மூடி, வலக்கண்ணில் மருந்து விட்டு விறைக்க வைத்தார்கள். மேலே ஒரு வெளிச்சம் மட்டும் தண்ணீருக்குள் தெரிகிற நிலவு போல ஆடியது. "அசையாதேங்கோ அம்மா, தலையை அசைக்காதேங்கோ" என்று டொக்டர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவளுடைய மனம்தான் அங்கே இல்லை. இந்தக் கண்ணைத் தோண்டி எடுத்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் கயிற்றை அறுக்காதே என்று அது கடலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எடுத்தவனோ?"

"இல்லை," என்றார் சோமசேகரம்.

அடுத்த நாள் காலை, திரும்பப் போனபோது கட்டை அவிழ்த்தார்கள். முதலில் எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்தது. பிறகு சுவர் வந்தது, சுவரில் பல்லி வந்தது, பல்லிக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ற் உரிந்த இடம் வந்தது. பிறகு ஒரு கிழவர் வந்தார். கன்னம் இரண்டும் உள்ளே போய், தலைமயிர் முழுக்க வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போன ஒரு கிழவர். அது தன்னுடைய மனுசன்தான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"எப்ப நீங்கள் இப்பிடி வயசு போனனீங்கள்?"

"நீ பாக்காத நேரம் பாத்து," என்றார் அவர்.

அவள் பதில் சொல்ல முன் அவருடைய சட்டைப் பைக்குள் ஃபோன் அடித்தது. சோமசேகரம் பெயரைப் பார்த்துவிட்டு அதை அவளுடைய கையில் கொடுத்தார். மறுபக்கத்தில் காற்று இரைந்தது.

"அம்மா, வந்துகொண்டிருக்கிறம். நாளைக்கு விடிய உள்ளுக்கு வருவம். மூண்டு நாளாச் சிக்னல் இல்லையம்மா. ஒப்பரேசன் முடிஞ்சதோ?"

"முடிஞ்சது, முடிஞ்சது. நீ சுகமோ? கை கால் எல்லாம் சுகமோ?"

"எனக்கென்ன? குண்டு மாதிரி இருக்கிறன்."

புஸ்பராணி அந்த வாங்கிலேயே இருந்து, இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கண்ணால் அழுதாள். வெட்டிய கண்ணால் அழக்கூடாது என்று அவளுக்கு ஒரு பயம். சோமசேகரத்துக்கு அன்று பட்டணத்துக் கடையில் மீன் குழம்போடு சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை வெள்ளைமணலுக்குப் போனார்கள். தூசு, காற்று, தண்ணீர் மூன்றும் கண்ணில் படக்கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தாள். போகிற இடத்தில் மூன்றும் இருந்தன. கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு மூடி ஒட்டி, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையையும் சேர்த்துச் சேலையால் சுற்றிக்கொண்டாள். ஸல்ஹாவின் புருசன் ஜமால்தீன் கதிரை இரண்டைக் கரையில் கொண்டுவந்து போட்டார். காற்று வருகிற பக்கத்தில் பழைய பாய்த்துணி ஒன்றைக் கம்பில் கட்டி மறைப்பும் வைத்துக் கொடுத்தார். ஸல்ஹா வெறுந்தேத்தண்ணியும் அவித்த கடலையும் கொண்டுவந்தாள். "பொங்கல் இல்ல தங்கச்சி," என்று சிரித்தாள்.

கப்பல் அங்கே நின்றது. புஸ்பராணி நினைத்ததைவிடப் பெரியது. கூப்பிட்டால் கேட்காத தூரம், ஆள் தெரியும், முகம் தெரியாத தூரம். பக்கத்தில் எண்ணெய்ப் படகு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூடிக்குள்ளால் பார்த்தாள். கப்பலின் துருவும், கம்பிகளும், சங்கிலியும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவன் சுரண்டிய துரு. அவன் கை பிடித்த கம்பி.

பதினொரு மணி போல அவன் எடுத்தான். "அம்மா, வந்திட்டியளோ? எங்க நிக்கிறியள்? ஒரு வெள்ளைப் பாய்த்துணி தெரியுது, அதுவோ?"

"அதுதான், அதுதான். நீ எங்க நிக்கிறாய்?"

"இப்ப உள்ளுக்கு நிக்கிறன், வேலை. நங்கூரம் தூக்கேக்க முன்பக்கம் நிப்பன். அப்ப ஃபோன் வைச்சிருக்க விடமாட்டினம். பாருங்கோ என்ன?"

"பாக்கிறன்."

"அம்மா…" என்றான். பிறகு யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

மத்தியானம் திரும்பிய பிறகு எண்ணெய்ப் படகு விலகியது. கப்பலின் முன்பக்கத்தில் ஆட்கள் வந்தார்கள். ஆறு பேர். ஆறு பேரும் ஒரே செம்மஞ்சள் உடுப்பு, ஒரே வெள்ளைத் தொப்பி. புஸ்பராணி எழும்பி நின்றாள்.

"எது அவன்?"

"அந்தா, ஓரத்தில நிக்கிற ஆளா?" என்று கேட்டார் ஜமால்தீன்.

"இல்லை, நடுவில நிக்கிறவன்தான் உயரம்," என்றார் சோமசேகரம்.

அவளுக்குத் தெரியவில்லை. கண் நல்லாகத் தெரிந்தது, ஆனால் பிள்ளை தெரியவில்லை. இதற்காகவோ இவ்வளவும் என்று நெஞ்சு எரிந்தது. ஒருவரும் கை காட்டவுமில்லை. ஆறு பேரும் குனிந்து நின்று வேலை செய்தார்கள். சங்கிலி ஏறுகிற சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது. அவள் ஆறு பேருக்கும் பொதுவாகக் கையைத் தூக்கி ஆட்டினாள். எது அவனோ அது எடுத்துக்கொள்ளட்டும். மற்றதுகளுக்கும் எங்கேயோ தாய் இருப்பாள்தானே.

நங்கூரம் ஏறியது. கப்பல் மெல்ல அசைந்து, திரும்பி, கரைக்குப் பக்கவாட்டாக ஊரத் தொடங்கியது. முன்பக்கத்து ஆட்கள் கலைந்தார்கள். ஒருவர் உள்ளே போனார், இன்னொருவர் ஏணியால் இறங்கினார். கப்பலின் முன்பக்கம் கரையில் நின்ற இவர்களைக் கடந்து போய்விட்டது.

"போகுது," என்றார் சோமசேகரம். காற்றுக்குப் பிடித்திருந்த பாய்த்துணியை விட்டுவிட்டு அவளுடைய தோளைப் பிடித்தார்.

"பொறுங்கோ," என்றாள் அவள்.

ஒரு செம்மஞ்சள் உடுப்பு மட்டும் உள்ளே போகவில்லை. அது கம்பியோரமாக வந்து, கப்பலின் பின்பக்கம் நோக்கி நடக்கத் தொடங்கியது. கப்பல் முன்னால் போனது, அவன் பின்னால் நடந்தான். கப்பலின் வேகத்துக்கு அவனும் நடந்ததால், அவன் எங்கேயும் போகவில்லை. பெட்டிகள், பாரந்தூக்கிகள், கூண்டுகள் எல்லாம் அவனைக் கடந்து கடல் வாய்ப் பக்கம் போயின. அவன் மட்டும் அவளுக்கு நேரே, அதே இடத்தில் நின்றான். முகம் கரைப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை தலைக்கு மேலே உயர்ந்து அசைந்தது.

"அவன்தான்," என்றாள் புஸ்பராணி. "என்னை விட்டுப் போகாம நடக்கிறான், பாருங்கோ. நடக்கிறான், பாருங்கோ."

மங்கல் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெட்டிய கண்ணால் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் நீளமான கப்பல். அவன் நடந்துகொண்டேயிருந்தான். பிறகு பின்பக்கத்துக் கம்பி வந்தது. அதற்கு அங்கால் நடக்கத் தளம் இல்லை. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அதற்குப் பிறகு கப்பல்தான் அவனைக் கொண்டுபோனது.